இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஊசி: எது, எப்போது, யாருக்கு?

இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்-ரே பார்த்துச் சொன்ன பிறகு இரண்டு வழி கண்ணில் படும். ஒரு பக்கம் பயிற்சியும் மாத்திரையும், இன்னொரு பக்கம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. நடுவில் ஊசி வந்து நிற்கிறது. ஸ்டீராய்டு, ஜெல், பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே தயாரிப்பது), ஸ்டெம் செல் என்று நாலு பெயர் காதில் விழும். கத்திக்குப் பயப்படுகிறவர்களுக்கு இந்த நடுவழி பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. போட்டுக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

எல்லோரும் கேட்பது 'இதில் எந்த ஊசி நல்லது?' என்றுதான். அதற்குப் பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை இந்த நாலில் ஸ்டீராய்டு ஒன்றுக்குத்தான் சொல்லிக்கொள்ளும்படி ஆதாரம் இருக்கிறது. அதுவும் சில வார நிம்மதிக்கு மட்டும். அந்தச் சில வாரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு ஒரு பதில் கையில் இல்லாமல் ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வலி மூட்டிலிருந்துதான் வருகிறதா?

இதைத் தாண்டிவிட்டு ஊசிக்குப் போவதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையிடுக்கில் தெரியும். அங்கிருந்து தொடையின் முன்புறமாக முழங்கால் வரை இறங்கும். சிலருக்கு முழங்கால் மட்டுமே வலிக்கும். முழங்காலுக்குப் படம் எடுத்து, அங்கே குறை ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் இடுப்பு மேல் சந்தேகம் போகும். செருப்பு மாட்டக் குனிவது, கால் நகம் வெட்டுவது, காரிலிருந்து காலைத் திருப்பி இறங்குவது எல்லாம் சிரமமாகும். மருத்துவர் காலை உட்பக்கமாகத் திருப்பும்போது 'சுருக்'கென்று பிடித்துக்கொள்ளும்.

வலி பக்கவாட்டில், தொடை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தால், ஒருக்களித்துப் படுத்தாலே வலித்தால், அது பெரும்பாலும் பிட்டத் தசைநாண்களின் சிக்கல். அதற்கும் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஆனால் அது மூட்டுக்கு வெளியே போடும் ஊசி, கணக்கே வேறு. 2018-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், இந்தப் பக்கவாட்டு வலி இருந்த 204 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். 8 வாரம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியும் 'எப்படி உட்கார வேண்டும், எப்படி நிற்கக் கூடாது' என்ற அறிவுரையும் பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஊசி போட்டவர்களில் 58 சதவீதம். சும்மா காத்திருந்தவர்களில் 29 சதவீதம். ஒரு வருடம் ஆனபோது சும்மா இருந்தவர்களே பாதிக்கு மேல் தேறி, ஊசிக்காரர்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். பயிற்சிக் குழு மட்டும் முன்னாலேயே நின்றது. ஆக, பக்கவாட்டு வலிக்காரர்கள் ஊசிக்கு அவசரப்படவே வேண்டாம்.

பிட்டத்தின் பின்புறம் தொடங்கி முழங்காலைத் தாண்டிக் கீழே ஓடும் வலி என்றால் முதுகைச் சந்தேகிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அறுபது வயதுக்கு மேல் முதுகும் தேய்ந்திருக்கும், இடுப்பும் தேய்ந்திருக்கும்; படத்தில் இரண்டுமே தெரியும். எது வலிக்கிறது என்று படம் சொல்லாது. இந்த இடத்தில் ஊசி சிகிச்சையாக மட்டுமின்றி, பரிசோதனையாகவும் பயன்படுகிறது. மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் சில மணி நேரம் மூட்டு அடங்கிப் போகும். அந்த நேரத்தில் எழுந்து நடந்து, படி ஏறி, வழக்கமாக வலிக்கும் வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும். வலி பெருமளவு காணாமல் போனால் குற்றவாளி இடுப்பு மூட்டுதான். துளியும் குறையவில்லை என்றால், மருந்து மூட்டுக்குள் சரியாகப் போயிருந்தும் குறையவில்லை என்றால், முதுகைத் தேட வேண்டும். இது தெரிந்துகொள்வதற்காகவே ஊசி போடுவது நியாயமான முடிவு என்பேன். தவறான இடத்தில் பெரிய அறுவை சிகிச்சை நடப்பதைத் தடுக்கும் சோதனை அது.

முழங்கால் கதையை இடுப்புக்குக் கொண்டுவராதீர்கள்

'எனக்கு முழங்காலில் போட்டார்கள், ஆறு மாதம் ஓடியாடினேன்' என்று யாராவது சொல்வார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இடுப்பு வேறு மூட்டு. முழங்கால் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவர் கையால் தடவிப் பார்த்தே ஊசியை இறக்கிவிடுவார். இடுப்பு மூட்டு தடித்த தசைகளுக்கு அடியில், ஆழத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே தொடையின் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதனால் அல்ட்ராசவுண்ட் அல்லது ஓடும் எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டேதான் ஊசி போட வேண்டும். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் இதை அழுத்தமாகவே சொல்கிறது. திரை இல்லாமல் இடுப்பு மூட்டில் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்று: ஊசிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி முழங்காலில் நடந்தவை. அவற்றின் முடிவுகளை விளம்பரங்கள் 'மூட்டுத் தேய்மானம்' என்ற பொதுப் பெயரில் இடுப்புக்கும் ஒட்டிவிடுகின்றன. படிக்கும்போது 'இது எந்த மூட்டில் செய்த ஆய்வு?' என்று பார்த்தால் போதும், பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும்.

ஸ்டீராய்டு ஊசி

தேய்மானம் என்றால் குருத்தெலும்பு தேய்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வும் சிலருக்கு வீங்கிக் கொதிக்கும். ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்குகிறது. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. பொதுவாக ட்ரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன், கூடவே மரத்துப்போகும் மருந்து. பெரும்பாலும் 40 மில்லிகிராம்.

எவ்வளவு வேலை செய்யும்? 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 52 பேர். ஸ்டீராய்டு போட்டவர்களில் 67.7 சதவீதம் பேருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத உப்புநீர் ஊசி போட்டவர்களில் 23.8 சதவீதம் பேருக்கும் இரண்டு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இதைப் படித்தால் உடனே கிளம்பிப் போய் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் 2022-ல் பிஎம்ஜே-யில் வந்த இங்கிலாந்து ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 199 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரையும் பயிற்சியும் மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்ட ஸ்டீராய்டும் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தும். மூன்றாவது குழுவுக்கு அறிவுரை, பயிற்சியோடு வெறும் லிடோகெய்ன் ஊசி. 0 முதல் 10 வரையிலான வலி அளவில், ஆறு மாதச் சராசரியாக ஸ்டீராய்டுக் குழு அறிவுரைக் குழுவைவிட 1.43 புள்ளி குறைவாக வலியைச் சொன்னது. முதல் இரண்டு வாரத்தில்தான் வித்தியாசம் அதிகம். போகப் போகச் சுருங்கியது. சரி, ஊசி வேலை செய்கிறது என்று முடிக்கப் பார்த்தால், வெறும் லிடோகெய்ன் குழுவுக்கும் ஸ்டீராய்டுக் குழுவுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது? ஊசி என்ற சடங்குக்கே ஒரு பலன் உண்டு என்பது ஒரு விளக்கம். திரையில் மூட்டைக் காட்டி, ஒருவர் அக்கறையாகப் பேசி, மருந்து உள்ளே போவதைப் பார்க்கும்போது வலி கொஞ்சம் அடங்குவது பொய் நிவாரணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பலனுக்காக எவ்வளவு அபாயத்தை ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. வல்லுநர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் இடுப்புக்கு ஸ்டீராய்டு ஊசியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் சொன்னது இன்னும் ஜாக்கிரதையானது: மற்ற மருந்துகள் பலன் தராதபோது, அல்லது அவை ஒத்துக்கொள்ளாதபோது, அல்லது பயிற்சியைத் தொடங்கத் துணையாக இருக்கட்டும் என்று இதை யோசிக்கலாம், நிவாரணம் 2 முதல் 10 வாரம்தான் என்று நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு நைஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. '2 முதல் 10 வாரம்' என்ற வரியை ஊசி போடும் அறையின் சுவரில் எழுதி வைக்கலாம்.

பக்க விளைவுகளில் அடிக்கடி வருபவை சில்லறையானவை. முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். முகம் சிவந்து சூடேறலாம். தூக்கம் கெடலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ரத்தச் சர்க்கரை எகிறும். அதனால் ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வருவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் போதும். அதிகம் பேசப்படாத ஒன்று: எச்ஐவி சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் போன்ற மருந்துகள் ட்ரையாம்சினலோன் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கின்றன. ஒரே ஒரு மூட்டு ஊசிகூட உடல் முழுக்க ஸ்டீராய்டு மிகுந்த நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். மருந்துப் பட்டியல் முழுவதையும் காட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மூட்டுக்குள் கிருமித் தொற்று அரிது; வந்தால் அவசரநிலை. காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறும் வலி, காலை ஊன்றவே முடியாத நிலை வந்தால், 'ஊசி வலிதானே' என்று காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் ஒருவர் இறந்தார். அவருக்கு ஏற்கெனவே செயற்கை இதய வால்வு இருந்தது. ஊசிக்கு நான்கு மாதம் கழித்து இதய உட்சவ்வில் தொற்று வந்து இறந்தார். ஊசிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவரை வைத்துப் பொது விதி எழுத முடியாது. ஆனால் வால்வு மாற்றியவர்கள் ஊசி மேஜைக்குப் போகும் முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது மூட்டுக்கே வரும் கேடு. 2019-ல் ரேடியாலஜி இதழில் போஸ்டன் மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இடுப்பிலோ முழங்காலிலோ ஸ்டீராய்டு ஊசி பெற்ற 459 பேரில் 36 பேருக்கு, அதாவது 8 சதவீதத்தினருக்கு, பின்னால் மூட்டில் பாதிப்பு தெரிந்தது. தேய்மானம் வேகமெடுப்பது, குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு விரிசல், எலும்பு ரத்த ஓட்டமின்றி மடிவது, மூட்டு மளமளவென்று சிதைவது என்று நான்கு வகை. முழங்காலில் 4 சதவீதம், இடுப்பில் 10 சதவீதம். இதில் ஒரு ஓட்டையும் உண்டு: ஊசி போடாதவர்களோடு ஒப்பிடவில்லை, மோசமான மூட்டு இருப்பவர்கள்தான் ஊசிக்கே வருகிறார்கள், அவர்களில் சிலருக்கு ஊசி இல்லாமலும் இது நடந்திருக்கும். ஆனாலும் பிறகு வந்த இடுப்பு ஆய்வுகளில், மருந்தின் அளவும் ஊசிகளின் எண்ணிக்கையும் கூடக் கூட மூட்டு வேகமாகச் சிதையும் அபாயமும் கூடுவதாகத் தெரிகிறது. முழங்காலில் 2017-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வில், இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்தது; வலியிலோ உப்புநீர் பெற்றவர்களைவிட லாபம் ஒன்றும் இல்லை.

ஆகவே வருடத்துக்கு மூன்று, நான்கு என்று மாதாந்திரச் சீட்டு மாதிரி இதைப் போட்டுக்கொண்டே போவது வேண்டாம். ஒன்று போட்டுப் பார்ப்பது ஒரு முடிவு. முதல் ஊசி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால் இரண்டாவது நன்றாக வேலை செய்யும் என்று நம்பக் காரணம் இல்லை.

ஜெல் ஊசி

ஹயலுரானிக் அமிலம் மூட்டுத் திரவத்தில் இயற்கையாகவே இருக்கும் பொருள். தேய்ந்த மூட்டில் அது நீர்த்துப் போகிறது. வெளியிலிருந்து ஏற்றினால் மறுபடி வழவழப்பாகும் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. இடுப்பில் சோதித்தபோது அப்படி நடக்கவில்லை. 2006-ல் 101 பேரிடம் ஸ்டீராய்டு, ஜெல், உப்புநீர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஸ்டீராய்டு உப்புநீரை வென்றது, ஜெல் வெல்லவில்லை. 2009-ல் 85 பேரிடம் ஒரே ஒரு ஜெல் ஊசி, வித்தியாசம் இல்லை. 2019-ல் 357 பேரிடம் இன்னும் பெரிய ஆய்வு. அப்போதும் உப்புநீரோடு சமமாகவே நின்றது.

அமெரிக்க வழிகாட்டுதல் முழங்காலுக்கு ஜெல் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறது. இடுப்புக்கு வேண்டாம் என்பதைத் தயக்கமே இல்லாமல் சொல்கிறது. நைஸ் இரண்டுக்கும் வேண்டாம் என்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்திருப்பதே முழங்காலுக்குத்தான். 'ஸ்டீராய்டு இல்லாததால் பாதுகாப்பு' என்று சொல்லிப் போடுவார்கள். உப்புநீர்கூடப் பாதுகாப்பானதுதான். இதற்காகக் கைக்காசை இழக்க வேண்டாம்.

பிஆர்பி, ஸ்டெம் செல்

உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் மூட்டில் ஏற்றுவது பிஆர்பி. இடுப்பில் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பலவற்றில் ஒப்பிட்டதே ஜெல்லோடு. உப்புநீரை வெல்லாத ஜெல்லை வென்றேன் என்பது பெரிய வெற்றி ஆகாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, தட்டணு எண்ணிக்கை வேறு, எத்தனை முறை போடுவது என்பதும் வேறு. முழங்காலில் ஒழுங்காக நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2021-ல் ஜாமாவில் வந்தது. 288 பேர், 12 மாதம். வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, உப்புநீரைவிட மேலாக எதுவும் இல்லை. அமெரிக்க வழிகாட்டுதல் முழங்கால், இடுப்பு இரண்டுக்கும் பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. வருங்காலத்தில் தயாரிப்பு சீரானால் இந்த நிலை மாறலாம். இன்றைக்கு முடிவெடுக்கிறவருக்கு இது ஒரு பரிசோதனை. அதைத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்வதென்றால் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டெம் செல் விஷயத்தில் அந்த அளவு தாராளம்கூட எனக்கு இல்லை. எலும்பு, மூட்டு நோய்களுக்கு எந்த ஸ்டெம் செல் தயாரிப்பையும் எஃப்டிஏ அனுமதிக்கவில்லை. குருத்தெலும்பு புதிதாக வளர்ந்ததாக முன்-பின் படங்களைக் காட்டுவார்கள். எக்ஸ்-ரே எடுக்கும்போது கால் சற்றுத் திரும்பியிருந்தாலே மூட்டு இடைவெளி வேறு மாதிரித் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊசி இல்லாத வழிகள்

பயிற்சியின் பலனைப் பெரிதாக ஊதிச் சொல்வது எளிது, ஊத மாட்டேன். 2014-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 100-க்கு 8 புள்ளி அளவு வலி குறைந்தது. அதே வருடம் ஜாமாவில் வந்த ஆய்வில், 102 பேரில் பாதிப் பேருக்கு 12 வாரம் முழுமையான பிசியோதெரபி. மீதிப் பேருக்கு இயங்காத அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, மருந்தில்லாத ஜெல்லைத் தடவினார்கள். இரு குழுவும் ஒரே அளவுதான் தேறின! பயிற்சியாலும் அற்புதம் நடப்பதில்லை. ஆனால் அது தொடைத் தசையையும் பிட்டத் தசையையும் வலுவாக்குகிறது, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது, மூட்டைச் சிதைப்பதில்லை, அறுவைக்குப் பிறகு எழுந்து நடக்கவும் கைகொடுக்கிறது. ஊசியை எத்தனை முறை போட்டாலும் இதில் எதுவும் கிடைக்காது.

கைத்தடியைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுகிறது, ஏனென்றால் உடல் சாயாமலிருக்கப் பிட்டத் தசைகள் மூட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. தடி அந்தத் தசைகளின் வேலையைக் குறைக்கிறது. வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு என்றால் இடது கை. பலர் வலிக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு 'தடி பிரயோஜனமில்லை' என்கிறார்கள். எடை குறைப்பதும் இதே கணக்குத்தான்: உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் மூட்டின் மேல் விழும் சுமை ஒரு கிலோவுக்கு மேல் குறையும்.

மாத்திரைகளில் ஐபுபுரோஃபென், நாப்ராக்சென் வகை வலியைக் குறைக்கும். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் தொந்தரவு தரக்கூடியவை. சிறுநீரகம் பலவீனமானவர்கள் தொடக் கூடாது. இப்படி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தராசு ஊசியின் பக்கம் சற்றுச் சாய்கிறது. மேலே தடவும் களிம்பு முழங்காலுக்குச் சரி. இடுப்பின் ஆழத்துக்கு எட்டாது.

ஊசியா, அறுவையா?

உண்மையான போட்டி இங்கேதான். 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 50 வயதைக் கடந்த, இடுப்பு நன்றாகத் தேய்ந்த 109 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூட்டு மாற்று அறுவை, மற்றதற்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 0 முதல் 48 வரையிலான இடுப்பு அளவுகோலில் அறுவைக் குழு 15.9 புள்ளி முன்னேறியது. பயிற்சிக் குழு 4.5. எந்த ஊசியும் இந்த 15.9-க்குப் பக்கத்தில் வராது. அதே சமயம் பயிற்சிக் குழுவில் அந்த ஆறு மாதத்துக்குள் அறுவைக்கு மாறியவர்கள் 21 சதவீதம்தான். மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

செயற்கை மூட்டு எத்தனை வருடம் வரும்? 2019-ல் லான்செட் இதழில் வெளியான கணக்கின்படி 25 வருடம் தாங்கியவை சுமார் 58 சதவீதம். அறுபத்தைந்து வயதில் போட்டுக்கொள்பவருக்குப் பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். நாற்பத்தைந்தில் போட்டுக்கொள்பவர் இன்னொரு அறுவையை எதிர்பார்த்து வைத்திருக்க வேண்டும். தொற்று, மூட்டு கழன்றுபோவது, ரத்தக்கட்டு ஆகிய அபாயங்களும் உண்டு. ஆனால் 'ஊசியால் அறுவையைத் தள்ளிப்போடுகிறேன்' என்று சொல்லும்போது தள்ளிப்போவதற்கும் ஒரு விலை இருக்கிறது. தசை சூம்புகிறது, நடை மாறி முதுகு வலிக்கிறது, தூக்கம் போகிறது. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியும் மூட்டு மாற்று அறுவை மருத்துவர்கள் சங்கமும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: அறுவைக்கான காரணங்கள் கூடி வந்துவிட்டவரை, 'முதலில் ஊசி போட்டுப் பார்ப்போம்' என்று காக்க வைக்கத் தேவையில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் புகையிலையை விடவும் காத்திருக்கலாம்.

அப்புறம் மூன்று மாதக் கணக்கு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்ட மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால், செயற்கை மூட்டில் கிருமித் தொற்று வரும் அபாயம் கூடுவதாகப் பெரிய தரவுகள் காட்டுகின்றன. அதனால் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் மூன்று மாதம் தள்ளிவைப்பார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நடக்கும் சங்கடம் என்னவென்றால், வலி தாங்காமல் ஊசி போடுவார், மூன்றாவது வாரம் வலி திரும்பிவிடும், அறுவைக்குத் தயார் என்பார். அதற்குள் கதவு மூடியிருக்கும். மீதி இரண்டரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

யாருக்கு எது

ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துகொள்ளும் எண்ணம் இருப்பவர், தேதி உறுதியாகாத நிலையில் ஊசியைத் தொடாமல் இருப்பது நல்லது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்து, அழைப்பு வர இன்னும் வெகுநாள் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி நியாயம்.

தேய்மானம் நடுத்தரமாக இருந்து, பயிற்சி செய்ய மனமிருந்தும் வலியால் முடியாதவருக்கு ஊசி மிகப் பொருத்தம். ஊசி போட்ட அடுத்த வாரமே பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரம் வாங்கியிருக்க வேண்டும். வலி குறைந்த வாரங்களில் நாற்காலியில் சாய்ந்து ஓய்வெடுத்தால் பத்தாவது வாரம் பழைய இடத்திலேயே நிற்போம்.

எலும்போடு எலும்பு உரசும் நிலை, இரவெல்லாம் வலி, நடை பத்து நிமிடம்கூட இல்லை என்றால் ஊசி வெறும் சுற்றுவழி. அறுவைக்கு உடல் தாங்காது என்று மருத்துவர்கள் முடிவு செய்தவருக்கு விதிவிலக்கு. அவருக்கு மூட்டு சிதையும் அபாயத்தைவிட இரண்டு மாத நிம்மதி பெரிது. திரும்பத் திரும்பப் போடுவதுகூட அங்கே கருணைதான். மூட்டு நரம்புகளை வெப்பத்தால் மரக்கவைக்கும் முறையும் இவர்களுக்காகத்தான் சில மையங்களில் செய்யப்படுகிறது. அதற்கான ஆதாரம் இன்னும் மெலிதுதான்.

ஐம்பதுக்குக் கீழே, இன்னும் லேசான தேய்மானம் உள்ளவர் ஸ்டீராய்டிலிருந்து தள்ளி நிற்பதே மேல். தொடை எலும்பின் தலை பொருந்தும் இடுப்புக் கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாமல் இருப்பது போன்ற வடிவக் குறைகள் இருக்கின்றனவா என்று இடுப்பில் தேர்ந்த எலும்பியல் மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். அப்படி இருந்தால் மூட்டைக் காப்பாற்றும் அறுவை முறைகள் உண்டு; அவற்றுக்குக் காலம் முக்கியம்.

போட்டுக்கொள்வதென்று முடிவானால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் திரையைப் பார்த்துப் போடுவீர்கள், அறுவை தேவைப்பட்டால் எவ்வளவு நாள் தள்ளிப்போகும். போட்ட நாளில் வண்டி ஓட்ட வேறொருவர் வரட்டும். சில மணி நேரம் கால் தளர்ந்து துவளலாம். முதல் ஆறு மணி நேரம் மணிக்கு ஒருமுறை வலியை 10-க்கு எத்தனை என்று ஒரு தாளில் குறியுங்கள், அப்புறம் இரண்டு வாரம் தினமும் ஒருமுறை. முதல் சில மணி நேரத்தில் வந்து போன நிம்மதி மரப்பு மருந்துடையது, மூன்றாம் நாளுக்குப் பிறகு வருவது ஸ்டீராய்டுடையது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கொடுங்கள்; இரண்டாவது ஊசி போடுவதா, முதுகைப் பார்ப்பதா, அறுவைக்குத் தேதி வாங்குவதா என்பதைப் பெரும்பாலும் அதை வைத்தே பேசி முடித்துவிடலாம்.